சீர் வாங்காமல் வந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 17, உலகக் குறைப்பிரசவ நாளன்று உங்கள் நாளிதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்திருந்தது. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தன, அதில் சுமார் 30 லட்சம் நம் நாட்டில், வேறெந்த நாட்டைவிடவும் இது அதிகம் என்று போட்டிருந்தீர்கள். அதை வெட்டியெடுத்து என் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் என்ன குடித்தார்கள், அவர்களைச் சுமந்தவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடியில் 27 வருடமாகப் பலகாரம் சுட்டு விற்பவள். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை. கல்யாணச் சீருக்கு, வளைகாப்புக்கு, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களுக்கு என்று ஆண்டு முழுக்க அடுப்பு எரியும். 9 பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். என் படிப்பு பத்தாம் வகுப்பு. மருத்துவ விஷயமாக நான் இங்கே எழுதுவதெல்லாம் டாக்டர்களையும் நர்ஸ்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டவை, அப்புறம் என் மகள் ராத்திரிகளில் பால் கொடுத்துக்கொண்டே செல்போனில் படித்து எனக்குத் தமிழில் சொன்னவை.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். போன வருடம் வைகாசி. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு என்று நாள் குறித்து, பலகாரத்துக்கு அரிசிகூட வாங்கி வைத்துவிட்டேன். கால் வீங்கியிருந்தது. மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் காலையில் தலை பிளக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ரத்த அழுத்தம் 170க்கு 110. அன்று சாயங்காலமே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். 31 வாரம். எடை 1,240 கிராம்.

எடை என்றால் எனக்குக் கை சொல்லும். ஒன்றேகால் கிலோ தேன்குழல் ஒரு சம்படத்தில் பாதிகூட வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்தபோது அந்தச் சம்படம்தான் கண்முன் வந்தது. என் சுண்டுவிரல் தடிமனில் கை. தோலுக்குள் நரம்பு ஓடுவது தெரிகிறது. பார்க்க வந்த பெரியம்மா ஒருவர், "ஏழு மாசப் பிள்ளை தங்கும்த்தா, எட்டு மாசந்தான் தங்காது" என்று என் காதுக்குள் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அது. ஆனால் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அது சுத்தத் தப்பு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான். எட்டு மாதப் பிள்ளை ஏழு மாதப் பிள்ளையைவிடத் தேறும்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் மகள் மாத்திரை வைக்கும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால், உள்ளே ஆறு அட்டை. சுகாதார நிலையத்தில் கொடுத்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரையில் மட்டும் ரெண்டு அட்டை காலி. அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால், "நிறைய மாத்திரை போட்டா சூடு", "வயித்தை ரொம்ப நிரப்பாதே, பிள்ளை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்" என்றெல்லாம் அவளிடம் சொன்னது நான்தான். என்னைப் பெற்றவள் எனக்குச் சொன்னது அது. இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்கு நான் மறுத்தும் பேசவில்லை.

டாக்டரிடம் அந்த டப்பாவைக் காட்டி அழுதேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "மாத்திரை போட்டிருந்தால் இது வந்தே இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கிற பெண்களுக்கு, கர்ப்பத்தில் வரும் இந்த ரத்த அழுத்த நோயின் ஆபத்தை அந்த மாத்திரை குறைக்கும். அது நிரூபித்த விஷயம்." பெங்களூரிலும் தான்சானியாவிலும் இடத்துக்கு 11 ஆயிரம் கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2024 ஜனவரியில் வெளிவந்தது என்றும் மகள் பிறகு படித்துச் சொன்னாள். ரத்த அழுத்த நோயைத் தடுப்பதில் தினம் 1,500 மில்லிகிராமுக்கு 500 மில்லிகிராம் சளைத்ததல்ல என்று அதில் கண்டிருக்கிறார்கள். அளவை டாக்டர் சொல்லட்டும். நான் சொல்வது, அட்டையைப் பிரியுங்கள் என்பதுதான். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று காலையில் என்றால் ஒன்று ராத்திரி. இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் பாதிச் சத்து வீண். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் டீயில்தான் போடுகிறார்கள்.

பிள்ளையின் சாப்பாட்டுக்கு வருகிறேன். குழந்தைகள் பிரிவில் இருந்த ஒரு நர்ஸ் எனக்குச் சொன்ன விளக்கம் இன்னும் மனதில் நிற்கிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் தாய் தன் உடம்பிலிருந்து சுண்ணாம்பையும் இரும்பையும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறாள். பிறக்கிற பிள்ளையின் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பில் நூற்றுக்கு எண்பது பங்கு அந்த மூன்று மாதத்தில் சேர்வதுதானாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. நம் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பித்தளை, எவர்சில்வர், பலகாரம் என்று சீர் அடுக்குகிறோமே, அந்த மாதிரித் தாய் பிள்ளைக்கு வைக்கிற சீர் அது. என் பேத்தி அதை வாங்காமலே புறப்பட்டு வந்துவிட்டாள். அதனால்தான் ஓரளவு தேறியதும் தாய்ப்பாலிலேயே புரதமும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் உள்ள ஒரு சத்துப்பொடியைக் கலந்து கொடுத்தார்கள். மிச்சச் சீரைப் பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், உயிரைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான். மகள் ரெண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். அவளிடம் பால் எடுக்க யாருக்கும் நேரம் இல்லை. வேறு தாயின் பாலும் இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 மில்லி பவுடர் பால், வாய் வழியாகப் போட்ட குழாயில். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிறு உப்பிக்கொண்டது. பாலை நிறுத்திவிட்டார்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி. அந்த ராத்திரியில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொப்புடையம்மனுக்கு நான் வேண்டாத வேண்டுதல் இல்லை.

விடிந்ததும் அந்த நர்ஸ் மகளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மாரை மெல்ல நீவி, சிரிஞ்சில் சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார். மஞ்சள் நிறம், பாகுப் பதம். ஒற்றைக்கம்பிப் பதம் என்று நாங்கள் சொல்வோமே, அப்படி. 3 மில்லிகூடத் தேறவில்லை. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தபோதுதான் அது சாப்பாடு மட்டுமல்ல, மருந்து என்று எனக்கு உறைத்தது. அந்தச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 1990இல் வந்திருக்கிறது. பவுடர் பால் மட்டும் குடித்த பிள்ளைகளுக்குக் குடல் புண்ணாகி அழுகும் நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்ததாம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுமட்டுமில்லை, மாதம் நிறையாமல் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும். பிள்ளை முந்தி வந்தது அந்த உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

தாய்க்குப் பால் இல்லாதபோது வேறு தாய்மார் கொடுத்த பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்திக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி, ஆசியாவிலேயே முதன்முதலாக 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. மதுரை அரசு மருத்துவமனையிலும் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரை 85 கிலோமீட்டர். 1,240 கிராம் பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏழாம் நாள் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை உள்ளே, தாய் வெளியே. தங்க இடம் கிடையாது. தையல் காயாத வயிற்றோடு அவள் தினம் ரெண்டு நடை ஆட்டோவில் போய்வந்தாள். பால் பீய்ச்ச ஓர் அறை இல்லை. மாடிப்படிக்குக் கீழே, மருந்துப் பெட்டிகள் அடுக்கிய மூலையில், நான் சேலையை விரித்துப் பிடித்து மறைப்பேன், அவள் குத்தவைத்துப் பீய்ச்சுவாள். சித்திரை, வைகாசி வெயில் இங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மின்விசிறி இல்லை. பக்கத்தில் இன்னொரு பெண், புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவள். காலையில் ஒரு டீயும் பன்னும் தின்றுவிட்டு வந்திருப்பாள். பால் வரவில்லை என்று அழுவாள். எப்படி வரும்? பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கமாகத் தின்பதைவிட தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறார்கள். மறுநாளிலிருந்து ரெண்டு தூக்குவாளி கொண்டுபோனேன். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, தண்ணீர் தாராளமாக. பத்தியம் என்று பச்சைத்தண்ணீரைக்கூட மறுத்து, பிள்ளை பெற்றவளைக் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பூண்டும் கருவாடும் தேவைதான். தண்ணீரையும் பழத்தையும் மறுப்பது எந்தப் பத்தியத்திலும் சேராது. நாலைந்து நாளில் அந்தப் பெண்ணுக்கும் பால் இறங்கியது.

சேனை தொட்டுவைக்க வேண்டும் என்று சீனித்தண்ணீரும் கையுமாக ஒரு சொந்தக்காரர் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன். மாதம் நிறைந்த பிள்ளைக்கே அது ஆகாது.

பதினோராம் நாள் பிள்ளையை மகளின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டச் சொன்னார்கள். என் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன், வெளுத்து வெளுத்து மெத்தென்று இருக்கும். மருமகனும் ராத்திரி சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1978இல், கண்ணாடிப் பெட்டி போதாத ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்த முறை இது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. 1,000 கிராமிலிருந்து 1,800க்குள் பிறந்த பிள்ளைகளைத் தேறும்வரை காத்திராமல் உடனே தாயின் நெஞ்சில் சேர்த்தபோது சாவு நூற்றுக்கு 15.7லிருந்து 12ஆகக் குறைந்திருக்கிறது. அந்த ஆய்வில் தாய்க்கும் அதே பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டிருந்தார்கள். இதைத்தான் கவனிக்க வேண்டும். சாகவிருந்த நாலு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று பிழைப்பதற்குத் தேவைப்பட்டது தாய் என்ற ஒருத்தியும் அவளுக்கு ஒரு கட்டிலும். எங்களுக்குக் கிடைத்தது மாடிப்படி.

பேத்தி 48ஆம் நாள் 1,900 கிராமில் வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு என் பலகாரக் கொட்டகையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிதான். மகள் ஒரு ராத்திரி சிரித்துக்கொண்டே, "அம்மா, மும்பையில உங்க தொழிலை வச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றாள். புனேயைச் சுற்றி ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கவனித்தபோது, கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் பெரிதாகப் பிறந்தது 2001இல் தெரியவந்ததாம். அதை வைத்து மும்பைக் குடிசைப் பகுதிகளில் 6,500 பெண்களுக்கு, கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே தினம் ஒரு பலகாரம் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த பலகாரம், மீதிப் பேருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்ட பலகாரம். முடிவு 2014இல் வந்தது. கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் பிள்ளைகளுக்கு எடை சராசரியாக 48 கிராம் கூடியது. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்துக்குப் பதில் 7.3 சதவீதம். ரொம்ப ஒல்லியான பெண்களின் பிள்ளைகளுக்கு எடை கூடவில்லை, குறைப்பிரசவம் நின்றுவிட்டது என்றும் அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் 48 கிராமை என் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெரிய மாவுருண்டை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாளைக்கு 20 கிராம் ஏறியதா என்று காலையில் காத்துக் கிடந்தவளுக்கு 48 கிராம் என்றால் என்னவென்று தெரியும்.

எத்தனையோ கல்யாணத்துக்குச் சம்படம் சம்படமாக நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் அரிசி, சீனி, எண்ணெய். ஆடி மாதம் உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் போட்டுக் கும்மாயம் கிண்டிப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த ஊர் இது. இன்றைக்கு அது விருந்து இலையில் ஒரு கரண்டியாகிவிட்டது.

இப்போது என் கொட்டகையில் காலை 11 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவோம். முருங்கைக்கீரை அடை ரெண்டு, ஒரு டம்ளர் பால், ஒரு கொய்யா. கொய்யாப்பழம் இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான். வாரம் மூன்று நாள் கும்மாயம். எல்லாப் பெண்களுக்கும், மாசமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். போன மாதம் ஒருத்திக்குப் பிரசவம். வேலைக்குச் சேர்ந்தபோது அவள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 8.6, பிரசவத்துக்கு முன் 10.8. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை. பிள்ளை 2,900 கிராம். தராசு கொண்டுபோகவில்லை, அவளே போன் பண்ணிச் சொன்னாள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18 ஆயிரம் ரூபாய் மகப்பேறு உதவி இருக்கிறது, அதில் நெய்யும் பேரீச்சம்பழமும் இரும்புச் சத்து டானிக்கும் சேர்ந்த பெட்டகமும் வருகிறது. என் மகளும் வாங்கினாள். ஆனால் கர்ப்பம் என்று பதிவு செய்த பிறகுதான் அது வரும். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். அதற்கான ஃபோலிக் அமிலம் உடம்பில் அதற்கு முன்பே இருக்க வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றுகூடத் தெரியாத நாட்கள் அவை. நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. அவர்கள் அத்தனை பேரும் கர்ப்பமான பிறகா ரத்தம் இழந்தார்கள்?

ஆகவே உங்கள் நாளிதழ் வழியாகச் சுகாதாரத் துறைக்கு ரெண்டு விஷயம் கேட்கிறேன். புதிதாகக் கல்யாணமான பெண்ணின் பெயரைக் கிராம சுகாதார நர்ஸ் நோட்டில் ஏற்றும் அன்றைக்கே அவளுக்கு ரத்தம் பார்த்து, மாத்திரையும் அங்கன்வாடிச் சத்துமாவும் தொடங்குங்கள். அடுத்து, நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதி ஆஸ்பத்திரிகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவு எங்கெல்லாம் உண்டோ, அதன் பக்கத்திலேயே தாய்மார் தங்கக் கட்டிலும், பால் பீய்ச்ச ஒரு கதவுள்ள அறையும், அந்தத் தாய்மாருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் கொடுங்கள். சீக்கிரமே ஒரு தாய்ப்பால் வங்கியும் வரட்டும். கட்டில் போடும்வரை அங்கே இருக்கிற தாய்மாருக்குக் காலை 11 மணிச் சாப்பாட்டை நான் தருகிறேன். 20 பேர் வரைக்கும் என்னால் முடியும், எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும் சரி. தூக்குவாளிகள் தயாராக இருக்கின்றன.

பேத்திக்கு இப்போது ஒன்றரை வயது, 9 கிலோ. அடையில் இருக்கிற முருங்கை இலையைத் தனியாகப் பொறுக்கித் துப்புகிறாள். நானும் அரைத்து மாவிலேயே கலந்துவிட்டேன்.

இப்படிக்கு,
பலகாரம் சுடும் ஒரு பாட்டி,
காரைக்குடி.